நேற்றும் ஆகிலா வந்திருந்தாள்

நான் ஒழுங்கானவள். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்கு வந்து போகிற யாரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். சீனிப் போத்தலில்கூடத் திறந்த திகதியை எழுதி ஒட்டியிருப்பேன்.

வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. பழையவை எல்லாம் நினைவிருக்க, நேற்றையவை மட்டும் அவருக்கு மறந்துபோயின. அவருக்காகத் தொடுதிரை டெப்பில், விக்கிப்பீடியா மாதிரி ஒரு விக்கி செய்தேன். ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு பக்கம். பெயரைத் தொட்டால் அது திறக்கும். முதற்பக்கம் 'இன்று'. அதில் மருந்துக் குளிசை, தொழுகை, செய்ய வேண்டியவை. செய்து முடித்ததற்குச் சரி போட வேண்டும். சரி போடாதது தானாகவே மறுநாள் பக்கத்துக்குப் போய்விடும். சுபஹ் தொழுதபின் பிளேன்ரீயோடு வாப்பா அதை வாசிப்பார். அதில் என்ன இருக்கிறதோ அதுதான் அவருக்கு நேற்று.

என் தங்கை ஆகிலா, வாப்பாவின் சொல்லை மீறி ஒலுவிலில் ஒரு மீன்பிடிகாரரை நிக்காஹ் செய்து ஆறு வருடம். அன்றிலிருந்து வாப்பா அவளோடு கதைத்ததில்லை. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மறுநாள் அவர் சொன்னார்: "நஸ்லா, ஆகிலாவ வரச் சொல்லு புள்ள. நான் மவுத்தாகிறத்துக்கு முந்தி அவள மாப்புச் செய்யணும்."

'ஆகிலாவுக்கு அறிவித்தல்' என்று எழுதி வைத்தேன். அந்த வாரம் எனக்கு நேரம் கிடைக்கவில்லை. ஒவ்வொரு காலையும் அவர் அதைப் புதிதாக வாசித்து அழுதார். பிரஷர் ஏறக் கூடாதென்று டொக்டர் சொல்லியிருந்தார். பத்தாம் நாள் சரி போட்டுவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'நேற்று ஆகிலா வந்தாள். கையைப் பிடித்து மாப்புக் கேட்டாள். மன்னித்தீர்கள்.'

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் வாப்பா. "மெலிஞ்சிட்டாளா புள்ள?"

"இல்ல வாப்பா. நல்லா இருக்கிறா."

அந்த முகத்தை மறுநாளும் பார்க்க விரும்பினேன். அதனால் மறுநாளும் எழுதினேன்.

பிறகு, வாப்பாவின் வருத்தத்தைக் கேள்விப்பட்டு ஆகிலா தானாகவே வந்தாள். எங்கள் பக்கத்தில் வீட்டைப் பெண்பிள்ளைக்குத்தான் எழுதுவார்கள். வாப்பா இருந்தது என் வீட்டில். கேற்றுப் பூட்டின் திறப்பும் என்னிடம்தான்.

"ராத்தா, தூரத்தில நிண்டாவது ஒருக்காப் பாத்திட்டுப் போறன்."

"உன்ட பேரக் கேட்டாலே அவருக்குப் பிரஷர் ஏறுது. போ தங்கச்சி."

உள்ளேயிருந்து வாப்பா கேட்டார்: "ஆரு புள்ள அது, கேற்றடியில?"

"மீன்காரர் வாப்பா."

பத்தொன்பது வெள்ளிக்கிழமைகள் வந்தாள். ஒருமுறை சுறாப் புட்டு கொண்டுவந்தாள். அதை நான் வீசவில்லை, வாப்பாவுக்கு ஊட்டினேன். 'ஆகிலா கொண்டுவந்தது' என்றும் பக்கத்தில் எழுதினேன். அந்த வரி மட்டும் முழு உண்மை.

உண்மையாகவே அவள் உள்ளே வந்திருந்தாலும் வாப்பா மறுநாள் மறந்திருப்பார். ஆகவே அவர் எதையும் இழக்கவில்லை. ஆகிலா என்ன இழந்தாள் என்பதற்கு நான் பக்கம் தொடங்கவில்லை. வாப்பாவைக் கழுவியதும் துடைத்ததும் நான். அவர் கேட்டது அவளை. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

வாப்பா சந்தோசமாக மவுத்தானார். ஜனாஸா அன்று கேற்றைத் திறந்துவிட்டேன். "மாப்புச் செய்யாமலே போயிட்டாரே ராத்தா," என்று ஆகிலா என் மடியில் விழுந்து அழுதாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். தேத்தண்ணீர் ஊற்றி, ஆற்றிக் கொடுத்தேன்.

இப்போது அவள் ஒன்றுதான் கேட்கிறாள்: "வாப்பா வாசிச்ச அந்த டெப்ப ஒருக்காத் தாங்க." வாப்பா அவளை மன்னிக்க ஆசைப்பட்டதற்கு இருக்கிற ஒரே சாட்சி அதற்குள்தான். அவள் வராத நூற்றைம்பது வரவுகளும் அதற்குள்தான். அழித்துப் பார்த்தேன். அழித்த வரிகளையும் விக்கி திகதியோடு பழைய பதிவுகளில் வைத்திருக்கிறது. கொடுத்தால் நான் தொலைந்தேன். கொடுக்காவிட்டால், வாப்பா தன்னை வெறுத்தபடியே போனார் என்று நம்பிக்கொண்டு அவள் சாவாள்.

நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லத்தான் போகிறேன். 'ஆகிலாவிடம் உண்மையைச் சொல்லுதல்' என்று 'இன்று' பக்கத்தில் எழுதி நாற்பது நாளாகிறது. நான் அதை ஒருநாளும் ஒத்திவைத்ததில்லை. அது தானாகவேதான் நாளைக்குப் போய்விடுகிறது.