குலுக்கைக்குப் பின்னால் ஒரு படம்

வெள்ளத்தாய்: ஏட்டி தவமணி, பெட்டியக் கீழ வை.

தவமணி: இல்லையம்மா... சீவில்லிபுத்தூர் பஸ் வரப்போகுது. அகதி முகாமுக்கே திரும்பிப் போறம்.

வெள்ளத்தாய்: அந்தத் தகரக் கொட்டாய்க்கா? மழை ஒழுகி உம் மக மலருக்குச் சளி கட்டிப் போச்சுன்னுதான வத்திராயிருப்புக்குக் கூட்டியாந்தேன்?

தவமணி: ஓம். எண்டாலும்... உங்களுக்கு வீண் கரைச்சல். ஊரில ஆக்கள் கதைக்கினம்.

வெள்ளத்தாய்: எவ பேசுதா? பேரைச் சொல்லு. இப்பவே போயி அவளை...

தவமணி: ஐயோ, வேண்டாமம்மா!

வெள்ளத்தாய்: நீ போயிட்டா எனக்குச் சொதி யாரு வைப்பா? தோப்புல அம்புட்டுத் தேங்கா கெடக்கு.

தவமணி: சிரிக்க வைக்காதேங்கோ...

வெள்ளத்தாய்: நெசத்தச் சொல்லு. என்ன நடந்துச்சு?

தவமணி: காலமை நெல்லள்ளக் குலுக்கையடிக்குப் போனன். பின்னால ஒரு படம்... பட்டாள உடுப்போட. காஞ்ச மாலையும் கிடந்தது. மகன் பம்பாயில வேலை எண்டு சொன்னனீங்கள்.

வெள்ளத்தாய்: சொன்னேன். நீ பயந்துக்கிடுவன்னு நாந்தான் படத்தைக் கழட்டி மறைச்சேன்.

தவமணி: எங்க செத்தவர்?

வெள்ளத்தாய்: உங்க யாழ்ப்பாணத்துலதான். எண்பத்தேழு ஐப்பசி. பொணங்கூட வரல. சாம்பலுதான் வந்துச்சு.

தவமணி: எங்கட இயக்கப் பெடியள்தானே அவரை... பிறகு எப்பிடியம்மா உங்கட கையால எங்களுக்குச் சோறு போட்டனீங்கள்?

வெள்ளத்தாய்: நீயா சுட்ட? மலரா சுட்டா? பொறவென்ன? பெட்டியக் கொண்டா.

தவமணி: பொறுங்கோ. நானும் ஒண்டை மறைச்சனான். மலரின்ர அப்பா காய்ச்சலில சாகேல்ல.

வெள்ளத்தாய்: சொல்லு.

தவமணி: அதே ஐப்பசி. பிள்ளைக்குப் பால்மா வாங்கப் போனவர். சந்தியில வச்சு... உங்கட இந்திய ஆமி சுட்டது. இனி நாங்கள் இங்க இருக்கிறது சரியில்லை. கையை விடுங்கோ, அம்மா.

வெள்ளத்தாய்: விட மாட்டேன். எம் மகனும் துப்பாக்கியோடதான் அங்க போனான். அவனால எந்தப் பொம்பள தாலி இழந்தாளோன்னு மூணு வருசமா எனக்குத் தூக்கமில்ல. அப்பிடி ஒருத்தி வந்திருந்தா அவளுக்குச் சோறு போடணும்னுதான் முகாமுக்கே வந்தேன். மழைன்னு சொன்னதெல்லாம் சாக்கு. உள்ள வா தாயி... மலர் பசியோட நிக்கா.