உதவி சேராத வீடு

வேலைக்குப் போகிற வீடுகளில் நான் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை, சார். கையில் பாட்டில் இருக்கும். திருப்பரங்குன்றத்துக்கு அந்தப் பக்கம், ஒச்சம்மாள் வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோது சொம்பை நீட்டினாள். வேண்டாம் என்றேன். "எங்க வீட்டுத் தண்ணி ஆகாதாக்கும்?" என்றாள். சாதி பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டாள், பாவம். எனக்கு அந்தப் புத்தியெல்லாம் கிடையாது. பழகிவிட்டால் மதிப்பீடு பிசகிவிடும், அவ்வளவுதான்.

எங்கள் திட்டம் நல்ல திட்டம். புருஷன் குடிக்கிற வீடு, பிள்ளைக்கு அடி விழுகிற வீடு என்று பார்த்து, வாராவாரம் ஒரு பெண் போய் உட்காருவாள். கை ஓங்காமல் பிள்ளை வளர்க்கத் தாய்க்குக் கூடவே இருந்து பழக்குவாள். அதில் பலன் உண்டா என்று பார்ப்பது என் வேலை. பாதி வீடுகளுக்கு ஆள் போகும். மீதி வீடுகளை வெறுமனே பார்த்துவிட்டு வருவோம். இரண்டையும் ஒப்பிட்டால்தானே தெரியும்? குலுக்கலில் ஒச்சம்மாள் மீதியில் விழுந்தாள்.

அவளாகவே கேட்டாள். "அக்கா, பக்கத்துத் தெருவுக்கு வர்ற அந்தப் புள்ளைய இங்கிட்டும் அனுப்புங்க. இவன் அழுதான்னா எனக்குக் கிறுக்குப் பிடிச்சுருது. கை நிக்க மாட்டேங்குது. பயமா இருக்குக்கா."

அடுத்த வருஷம் பார்ப்போம் என்றேன். அவள் மடியிலிருந்த மகன் சோலை, என் பாட்டில் மூடியைக் கேட்டு அழுதான். கொடுக்கவில்லை.

அவள் அனுப்பச் சொன்ன பெண் எங்கள் ஊழியர் தமிழ்வாணி. எனக்குத் தெரியாமல் ஒச்சம்மாள் வீட்டிலும் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள். கேட்டதற்கு, "மேடம், நான் போற அன்னைக்கு அந்தப் பய அடி வாங்குறதில்ல" என்று அழுதாள். அதுதான் பிரச்சினை என்றேன். மேலூர்ப் பக்கம் மாற்றிவிட்டேன்.

ஒச்சம்மாள் சோலையைச் சுவரோடு தள்ளிய மதியம் நான் தல்லாகுளம் அலுவலகத்தில் இருந்தேன். பிள்ளை பிழைக்கவில்லை. அவன் நினைப்பு வந்தால் இன்றும் சோறு இறங்குவதில்லை, சார். ஆனால் முடிவு தெளிவாக வந்திருக்கிறது. திட்டத்தை இனி எல்லா வீடுகளுக்கும் கொண்டுபோகிறார்கள். எம்புட்டுப் பிள்ளைகள் பிழைக்கும், நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அன்று சோலையைத் தள்ளுவதற்குச் சற்று முன்னால் எனக்கு வந்த அழைப்புகள் அவளுடையவைதான். விடாமல் கூப்பிட்டாள். போன் என் கையிலேயே இருந்தது. ஓயும்வரை அவள் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்துப் பேசியிருந்தால் அது உதவி செய்ததாகியிருக்கும்.