நாலா என்று எழுதினார்

மாட்டுங்கா ரேஷன் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மாமி, பொன்னாங்கண்ணிக் கீரைக்கட்டு ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கீரைக்காரியிடம் பெருமையாகச் சொன்னார்:

"செம்பூர்ல உங்க குடிசைக்குப் பின்னாடி சாக்கடை ஓடறதாமே? தோல் பட்டறைக் கழிவை அதுல விடலாம்னு எங்காத்துக்காரர்தான் ஆபீஸ்ல எழுதியிருக்கார்."

"சாக்கடையா? மலையிலருந்து வார ஓடைல்லா அது! நாங்க அதைத்தான் குடிக்கோம்."

"மேப்புல நாலான்னு போட்டிருக்கே!"

"இந்திக்காரன் ஓடையையும் நாலாம்பான், சாக்கடையையும் நாலாம்பான். ஐயா ஒரு எட்டு வந்து பாத்தாரா?"

"அவர் ஏண்டி அங்கெல்லாம் வரணும்? அவர் பி.ஏ.!"

"பி.ஏ. படிச்சா மூக்கு அடைச்சிருமோ?"

வரிசை சிரித்தது. மாமி சீறினார்: "சாக்கடையைக் குடிக்கிறவளுக்கு வாயைப் பாரு!"

கீரைக்காரி காசை மாமி கையில் திருப்பி வைத்துவிட்டு, பையிலிருந்த கீரைக்கட்டை எடுத்துக்கொண்டாள். "இது அந்தத் தண்ணியிலதான் வளந்துது. உங்களுக்கு வேண்டாம்."

"ஐயோ, வைடி! அது இல்லேன்னா அவருக்குச் சாதம் எறங்காது."

"அப்ப அவர் எழுதினதை அடிச்சுட்டு, ஓடைன்னு எழுதச் சொல்லுங்க. நாளைக்குத் தாரேன்."