ராட்சசப் பல்லியைக் கொன்றவர்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பஸ்ஸில், என் முன்சீட்டிலிருந்த, காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் பக்கத்திலிருந்த கடைக்கார பாயிடம் சொன்னார்: "அந்த ராட்சசப் பல்லியக் கொன்னதே நாந்தானுங்க, பாய்."

"ஏனுங்க, அது சினிமாவுல வர்றதாச்சே?"

"இன்னியோட நாலு தடவ பாத்துட்டனுங்க. இந்த பஸ்ஸப் புடிக்கோணும்னு ஒவ்வொரு தடவையும் படம் முடியறதுக்குள்ள எந்திரிச்சு ஓடியாந்தர்றேன். எஸ்டேட்டுல முடிவு கேட்டாங்க. ரைட்டருக்கே தெரியலைன்னா கேவலமில்லீங்களா? நம்ம பத்தாவது வளைவாட்டம் ஒரு எடத்துல உருண்டு செத்துப்போச்சுன்னு அளந்துவுட்டேன்."

"நம்பிட்டாங்களா?"

"நொம்ப. காப்பி பறிக்கறவங்க அழுதே போட்டாங்க. இப்ப அந்த வளைவு வந்தா எல்லாரும் பள்ளத்த எட்டிப் பாக்கறாங்க."

பத்தாவது வளைவில் பஸ் திரும்பியது. ரைட்டர் பாயின் மடிமேல் சாய்ந்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"நீங்க எதுக்குங்க பாக்கறீங்க?"

"கொன்னவனுக்கு மனசு கேக்குமுங்களா?"