வறட்சி தாங்கும் பருப்பு

ஜன்னலைத் திறந்து வைத்ததற்கு நன்றி. முப்பது வருடம் வயல்வெளியில் நின்றவனுக்கு மூடிய அறையில் பேச்சு வராது. கேளுங்கள், சொல்கிறேன். உங்கள் விசாரணையில் மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

நான் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் பருப்பு வகைகளைப் பார்ப்பவன். வேரழுகல் நோயும் வறட்சியும் சேர்ந்து வந்தால் எந்தப் பருப்புச் செடியும் பத்து நாள் தாங்காது. பதினோரு வருடம் மாற்றி மாற்றிக் கலப்பினம் செய்து, கடைசியில் ஒரு ரகம் கைக்கு வந்தது. மழையே எட்டிப் பார்க்காத அந்த வருடம், சுற்றிலும் எல்லாம் கருகிக் கிடக்க, என் பாத்தி மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. பக்கத்துப் பிரிவுக்காரர்கள் வந்து இலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த வகைப் பருப்பில் இயற்கையிலேயே ஒரு நச்சு உண்டு. கொஞ்சமாக இருந்தால் ஒன்றும் செய்யாது. கூடினால், தினமும் அதையே தின்கிறவர்களுக்குக் கால் விறைத்து முடங்கிப்போகும். போன கால் திரும்ப வராது. நல்ல மழை பெய்த வருடத்து விதையைச் சோதித்தபோது நச்சு மிகக் குறைவு. வறட்சி வருடத்து விதையில் நான்கு மடங்கு. முதல் அறிக்கையை மேலிடத்துக்கு அனுப்பினேன். இரண்டாவதை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்க இரண்டு வருடம் ஆகும். நான் ஓய்வு பெற ஒரு வருடம்தான் இருந்தது.

வயல் வேலையைக் கவனித்த மேஸ்திரி என்னோடு இருபது வருடம் இருந்தவர். அந்த வருடம் அவர் வீட்டில் அடுப்பு எரிவதே கஷ்டம். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஐயா, களத்துல மிஞ்சின பருப்பு வீணாத்தானே போகுது. வீட்டுக்கு எடுத்துக்கட்டுமா? சாப்பிடலாம்ல?"

"தாராளமா எடுத்துக்குங்க," என்றேன். "எவ்வளவு சாப்பிடுறீங்கன்னு மட்டும் அப்பப்ப சொல்லுங்க."

சந்தோஷமாகச் சொன்னார். காலையும் இரவும், ஆளுக்கு இரண்டு பிடி. நான் தேதி போட்டு எழுதிக்கொண்டேன். ஏழாவது வாரம், கெண்டைக்கால் இறுகுகிறது என்றார். வயசாகிறது இல்லையா என்றேன். ஒன்பதாவது வாரம் குதிகால் தரையில் படாமல் நடந்தார். அதற்கு அடுத்த வாரம் அவருடைய மூத்த மகள் படி இறங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதே நிறுத்தச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். அரைகுறையாக நிறுத்தினால் அதுவரை எழுதியது எதற்கும் உதவாது. பதினான்காவது வாரம் குறிப்பு முழுமையானது. அன்றைக்கே, ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல், நானே போய் மிச்சமிருந்த மூட்டையை வாங்கி வந்துவிட்டேன்.

மேஸ்திரியின் மனைவி வாசலில் நின்று கேட்டார். "உங்க வீட்லயும் இதத்தான் சமைக்கிறாங்களா ஐயா?"

"என் சம்சாரத்துக்குப் பருப்பு ஒத்துக்காதும்மா."

இந்த விவகாரத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆமாம், தெரிந்தேதான் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் குடும்பத்தை நான் கைவிட்டுவிடவில்லை. மாதம் தவறாமல் போய்ப் பார்த்து வந்தேன். மேஸ்திரிக்கு என் மேல் வருத்தம் ஒன்றும் கிடையாது. கடைசியாகப் போனபோதுகூட, என் தலையைக் கண்டதும், கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கத்தான் பார்த்தார்.