திரும்புற குழாய்

இல்ல தம்பி, அது ரேடியோ ஒயரு. அதுக்கும் கீழ, பக்கத்துல உக்கார்றவங்க கால் வைக்கிற இடத்துல, ஓரமா ஒரு சின்னப் பெட்டி இருக்கும் பாரு, மேல ஒரு பட்டனோட. வண்டி எதுலயாவது மோதுச்சுன்னா பெட்ரோல் பம்பை நிறுத்துற சுவிட்சு. அதைத் தேடித்தான் உங்க காயலாங்கடைக்கு வந்தேன். மெதுவா கழட்டு, உடைச்சிராத.

எங்க வண்டில இருந்துச்சு, ஏன் இல்லாம? இன்ஜின் மாத்தும்போது ராண்டின்னு ஒருத்தன் பிடுங்கித் தூக்கிப் போட்டுட்டான். ஏன்டா போட்டேன்னு கேட்டா, சும்மா தொங்கிட்டிருந்துச்சுங்கறான். த்தூ.

வண்டி என்னோடது இல்லப்பா, எங்க வீட்டுப் பொண்ணு டெஸ்ஸாவோடது. பதினேழு வயசு. இன்ஜெக்‌ஷன் பிக்கப்பு, நல்ல வண்டி, இன்ஜின்தான் போயிருச்சு. ராண்டி என்ன பண்ணான், எவனோ வைக்கோல் கொட்டாயில போட்டு வச்சிருந்த பழைய எட்டு சிலிண்டர் இன்ஜினைக் கொண்டாந்து உள்ள உக்கார வச்சிட்டான். கார்புரேட்டர் இன்ஜின். வைக்கட்டும், அதுல ஒண்ணும் தப்பில்ல. ஓக்லஹோமால எத்தனை வண்டி அப்படி ஓடுது. ஆனா டேங்க்குக்குள்ள கெடக்குறது இன்ஜெக்‌ஷன் பம்பு இல்லையா? அது நாப்பது பவுண்டு அழுத்தத்துல தள்ளும். கார்புரேட்டர் தாங்குறது ஆறு. பச்சப்புள்ள வாயில தீயணைப்பு வண்டிக் குழாயைச் சொருகுன மாதிரி.

அழுத்தத்தைக் குறைக்க ரெகுலேட்டர் போட்டிருக்கானே, அதைக் கேளு. பளபளன்னு குரோம்ல, மேல திருகுற குமிழோட, பாக்க பொம்மை மாதிரி. அது ஒண்ணுக்கும் ஆகாது. மிச்ச பெட்ரோல் டேங்க்குக்குத் திரும்பிப் போக ஒரு குழாய் இருக்கும்ல? அது வாயில ஒரு போல்ட்டைத் திணிச்சு, கிளிப்பு போட்டு இறுக்கிட்டான் படுபாவி. அப்ப மிச்சம் எங்க போகும்? அதேதான். கார்புரேட்டர் வழிஞ்சு, கொதிக்கிற இன்ஜின் மேலயே.

டெஸ்ஸா வண்டியை வீட்டுக்குக் கொண்டாந்த அன்னிக்கே அடுப்படி வரைக்கும் பெட்ரோல் நாத்தம். அவ என்னடான்னா, புதுசா மாட்டுனது, போகப் போகச் சரியாயிரும்ங்கறா. அவ அந்தப் பக்கம் போனதும் பானெட்டைத் தூக்கிப் பாத்தேன். மாட்டுக் குளம்புத் தடத்துல மழைத்தண்ணி நிக்குமே, அப்படி நிக்குது பெட்ரோலு. பக்கத்துலயே ஒரு பிளக் ஒயரு, தோலுரிஞ்சு. ஒரு பொறி பட்டா போதும் தம்பி. அந்த வண்டில பாட்டு போட்டுட்டு வந்து எறங்குனா அவ.

பேசாம விடுவேனா? ராண்டிக்குப் போன் போட்டேன். ஏன்யா, திரும்புற குழாயை ஏன் அடைச்சேன்னு கேட்டேன். கார்புரேட்டருக்கு எதுக்குய்யா அதெல்லாம், உனக்கு எல்லாத்துக்கும் பயம்ங்கறான். பின்னாடி டிவி ஓடுது, என்னத்தையோ மென்னுகிட்டே பேசறான். அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. சரி, இன்ஜின் நின்னா பம்பை எது நிறுத்தும், முன்ன வண்டியோட கம்ப்யூட்டர் நிறுத்துச்சு, அதையும் தூக்கிட்டியேன்னேன். சாவியைத் திருப்புனா நிக்கும்னுட்டு சிரிக்கிறான். வண்டி குப்புறக் கெடக்கும்போது எவ சாவியைத் திருப்புவா? கேட்டா வச்சிட்டான் போனை.

அப்புறம் நானே செஞ்சேன். ஞாயித்துக்கெழமை அவளும் அவங்கம்மாவும் சர்ச்சுக்குப் போனதும் வேலையை ஆரம்பிப்பேன். முதுகு வலின்னு பொய் சொல்லிட்டு. போல்ட்டைப் பிடுங்கிட்டு, மிச்சத்தைத் திருப்பி அனுப்புற ரெகுலேட்டரா வாங்கி அடியில சட்டத்துக்குள்ள ஒளிச்சு மாட்டுனேன். இன்ஜின் நின்னா பம்பும் நிக்கட்டும்னு, இன்ஜின்ல ஆயில் அழுத்தம் இருந்தாத்தான் பம்பு ஓடுற மாதிரி ஒயரை மாத்துனேன். புது ஹோஸ் மேல செம்மண்ணைத் தேய்ச்சு விட்டேன், பழசு மாதிரி தெரியட்டும்னு. அந்த குரோம் பொம்மை இருக்கே, அது அங்கயேதான் இருக்கு. உள்ள ஒரு சொட்டு பெட்ரோல் போகல. சும்மா மினுக்கிக்கிட்டு நிக்குது, மாட்டுனவன் மாதிரியே.

அவகிட்ட ஏன் சொல்லலைங்கறியா? நீ கழட்டு, சொல்றேன்.

போன சனிக்கெழமை மத்தியானம் சாப்பிட உக்காந்திருக்கோம். மாவுல தோச்சுப் பொரிச்ச மாட்டுக்கறி, மேல வெள்ளை கிரேவி, கார்லீன் அதை நல்லாச் செய்வா. என் சம்சாரம். டெஸ்ஸா போனை ஸ்பீக்கர்ல வச்சு ராண்டியைக் கூப்பிடறா. டாடி, நீ சொன்னது சரிதான், இப்ப நாத்தமே இல்ல, ஒரே திருகுல ஸ்டார்ட் ஆகுதுங்கறா. அவன் சொல்றான், பின்ன, உங்கப்பன் கை வச்ச வண்டிடா கண்ணு, சொன்னபடி கேக்கும். கார்லீன் என்னையே பாக்குறா. நான் தட்டைப் பாக்குறேன்.

என்ன முழிக்கிற? ஆமா, அவன்தான் அப்பன். நான் கார்லீனை ரெண்டாவதா கட்டினவன். அப்ப புள்ளைக்கு ஆறு வயசு. என்னை ஏர்ல்னு பேரு சொல்லித்தான் கூப்பிடுவா. கண்காட்சியில பரிசு வாங்கணும்னு அவ ஒரு பன்னி வளத்தா, கோடை முழுக்க அந்தப் பன்னியைக் குளிப்பாட்டுனவன் நான். என்னைக் கடிச்சுது அது... சரி, அதை விடு. இத்தனை வருஷத்துல அந்தாளு எங்க ஊருக்கு வந்து ரூம் எடுத்துத் தங்குனது இந்த ஒரு தடவைதான், இந்த வண்டிக்காக. தினம் காலையில எந்திரிச்சதும் ஓடுவா அவன்கிட்ட. முழங்கை வரைக்கும் கிரீசு, சோறு தண்ணி ஞாபகமில்ல. அவ மூஞ்சி அப்படி இருந்து நான் பாத்ததே இல்ல. அந்தப் புள்ளைகிட்டப் போய், உங்கப்பன் உன்னைக் கொளுத்தப் பாத்திருக்கான்னு சொல்லணுமா? சொன்னாலும் என்ன சொல்வா, ஏர்லுக்குப் பொறாமைம்பா. அவனைத் திட்டணும்னா இப்படி உன்னை மாதிரி ஆள்கிட்ட வந்துதான் திட்டணும்.

கழண்டுருச்சா? நல்லது. பிளக்கோட சேர்த்து ஒரு ஜாண் ஒயரையும் விட்டு வெட்டு.

அவசரமா? அவசரம்தான். நாளைக்குக் காலையில அந்த வண்டியை எடுத்துக்கிட்டு டெக்சாஸ் கெளம்பறா, அவன் ஊருக்கு. ஒத்தையில, அம்புட்டுத் தூரம், ஹைவேல. சும்மா அவனைப் பாத்துட்டு வரத்தானேங்கறியா? இல்ல தம்பி. மிச்சப் படிப்பை அங்க முடிக்கிறாளாம். அப்பாகூடவே இருந்துக்கறேன்னுட்டா. இங்க ஸ்கூல்ல இருந்து பேரை நீக்கத்தான் இப்ப போயிருக்கா, அவங்கம்மா வண்டில. வர்றதுக்குள்ள நான் இதை மாட்டியாகணும்.