அட்டை ஆளுக்கு இடமில்லாத அறை

அளவு பிசகாத அக்காவே! அட்டைக்கு அழகும் அறைக்கு அறிவும் அளித்த அன்புக் கரங்களே! எங்கள் கட்டட வரைவகத்தின் கட்டட மாதிரிகள் செய்யும் மேசையில் கத்தியும் கோலும் பசையுமாகக் காலமெல்லாம் அமர்ந்து, இன்று பணி ஓய்வு பெற்று எழுந்து போகிறவரே! வணக்கம்.

காகிதத்தில் கதவும் அட்டையில் அலமாரியும் சமைத்தீர்கள். கணினி வந்தபோது கலங்காமல் அதையும் கற்றீர்கள். எந்த அறையானாலும் உங்கள் முறை ஒன்றே: சுவர் எழுப்பும் முன் விரல் உயரத்தில் ஓர் அட்டை ஆளை வெட்டி நடுவில் நிறுத்துவீர்கள். "முதல்ல ஆளை வைங்கப்பா, அப்புறம் சுவரைக் கட்டுங்க" என்பீர்கள். அந்த ஆள் முட்டிக்கொள்ளும் அறையை முதலாளியே வரைந்திருந்தாலும் விடமாட்டீர்கள். அவர் இந்த மேடையில்தான் இருக்கிறார். இல்லை என்று சொல்லட்டும், பார்ப்போம்!

இதற்குமேல் புகழ எங்களுக்கு மனம் வரவில்லை, அக்கா.

போன மாதம் உங்கள் வீட்டையே மாதிரியாகச் செய்து கொண்டுவந்தீர்கள். இருப்பதே ஓர் அறையும் ஒரு சமையலறையும்தான். பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகிவிட்ட மாமாவுக்கு ஏற்றி இறக்கும் கட்டில், மூச்சுக் கருவி, மருந்து அலமாரி, எல்லாம் கச்சிதமாக இருந்தன. அட்டை ஆளை மட்டும் காணோம்.

"அக்கா, நீங்க எங்க படுப்பீங்க?" என்று கேட்டோம்.

"அட போங்கப்பா, எனக்கு நிக்க இடம் இருந்தா போதாதா?" என்று சிரித்தீர்கள்.

காகிதத்தில் கட்டிலைத் திருப்பினோம். கணினியில் கதவை மாற்றினோம். அலமாரியைக் கூரைவரை ஏற்றினோம். மிஞ்சிய சந்தில் அட்டை ஆளை நிற்கவைக்க முடிந்தது, படுக்கவைக்க முடியவில்லை. சமையலறையிலோ காலை நீட்டினால் அடுப்பு இடிக்கிறது. வேறு வீடு பார்க்க உங்களுக்கும் வழியில்லை, பார்த்துக் கொடுக்க எங்களுக்கும் வக்கில்லை. ஊரார் உறங்க அறை வகுத்த உங்களுக்கு ஒரு பாய் விரிக்க வழி காணாத நாங்களெல்லாம் என்ன வரைவாளர்கள்! எதற்கு இத்தனை கணினித் திரைகள்! நாளை முதல் நீங்கள் போய் நிற்கப்போகும் அந்தச் சந்தினை ஓய்வு என்று சொல்ல வாய் கூசுகிறது.

இம்மடலைச் சட்டமிட்டுத் தருகிறோம். மாட்டச் சுவரில்லை என்று தெரிந்தேதான் தருகிறோம். 'பல்லாண்டு வாழ்க' என்று முடிப்பது முறை. எழுதிப் பார்த்து அடித்துவிட்டோம். பல்லாண்டும் நின்றுகொண்டேவா வாழ்வது? கால் நீட்டிப் படுக்க உங்களுக்கு ஓர் இடம் வாய்க்கட்டும், அக்கா. உயிரோடு இருக்கும்போதே வாய்க்கட்டும்.

இங்ஙனம்,
உங்கள் மேசையைச் சுற்றி நின்று, ஒன்றும் செய்ய இயலாத வரைவக ஊழியர்கள்